தையல் மேசையில் காய்த்த மிளகாய்

என் அக்கா புருஷனுக்கு அதிர்வு என்றால் ஆகாது. சாப்பாட்டில் உப்பில்லாவிட்டால் பேசாமல் சாப்பிட்டுவிடுவார். சட்டையில் பொத்தான் இல்லாவிட்டால் அப்படியே போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் ஃப்ரிட்ஜ் லேசாக உறுமினால் போதும், அதன் காலுக்கடியில் ஒரு ரப்பர் துண்டைச் சொருகும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்து முடித்ததும் லிஃப்டின் தரையில் தண்ணீர் தளும்பும் டம்ளர் ஒன்றை வைத்து மேல்மாடிக்கு அனுப்புவார். ஒரு சொட்டுச் சிந்தியிருந்தாலும் மூடிய கருவிப் பையை மறுபடி திறந்துவிடுவார். ஏறி இறங்கினால் போதும், ஆளை விடுங்கள் என்று கட்டடக்காரர்கள் கெஞ்சுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தார். கதவு விளிம்புகளில் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் குல்லா. துணி துவைக்கும் மெஷின் ஒரு பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய தடித்த ரப்பர் பாயின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் அதே கட்டடத்தில் மேலே தனியாக இருக்கிறேன். கீழே இறங்கி வந்தால் கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது, தள்ளிக்கொண்டுதான் வருவேன். கோபமும் எனக்கு மூக்கு நுனியில். அதனால் அத்தான் எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தார். பொய்யாக ஒன்றும் சொல்லவில்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

என்னைத் தவிர அவரால் அடக்க முடியாத சத்தம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அக்காவின் தையல் மெஷின். காலால் மிதிக்கிற பழைய மெஷின். அக்கா அதில் பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று வருவதையெல்லாம் தைப்பாள். கல்யாணமான புதிதில் அத்தான் அதன் கால்களுக்கும் ரப்பர் போட்டுப் பார்த்திருக்கிறார். மேசை அதிராவிட்டால் தைக்கிற மாதிரியே இல்லை என்று அக்கா அன்றைக்கே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் விட்டுக்கொடுத்த ஒரே அதிர்வு அதுதான் என்று நான் கேலி செய்வேன்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பை மோந்து பார்த்தாள், காப்பித்தூளை மோந்து பார்த்தாள், என் செருப்பைக்கூட ஒருநாள் மூக்கருகே கொண்டு போனாள். ஒன்றும் தெரியவில்லை. சோறு நனைந்த காகிதமாக இருக்கிறது என்றாள், முட்டை ரப்பராக இருக்கிறது என்றாள். ஒரு தட்டுச் சாப்பிடுவது அவளுக்கு பீரோவை மாடிக்கு ஏற்றுகிற வேலை மாதிரி ஆகிவிட்டது. நாலு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள்.

தைப்பதையும் விட்டுவிட்டாள். புதுத் துணியின் வாசனை இல்லாமல் கத்தரிக்கோலைத் தொடவே பிடிக்கவில்லை என்றாள். மெஷினின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். வீடு அத்தான் ஆசைப்பட்டபடியே அமைதியானது. அதைக் கேட்க அவருக்குத்தான் பிடிக்கவில்லை.

மூக்கு டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ருசி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். பிறகு எடை பார்க்கிற மெஷினில் அக்காவை ஏற்றினார். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இன்னும் இளைத்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும், அடுத்த மாதம் வந்து எடை பாருங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் அம்மா கடைசியில் அப்படித்தான் கிடந்தாள், மூக்கில் குழாயோடு. பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

நான் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். ஊரார் வாயைத் திறப்பதற்கு முன்னால் என்னிடம் பெயர் கொடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் கன்னம் வீங்கி வந்த ஒரு பூங்காத் தோட்டக்காரரை வரிசையில் முன்னால் தள்ளிவிட்டேன். வலி போன சந்தோஷத்தில் மறுநாள் அவர் ஒரு காகிதப் பை நிறைய மிளகாய் கொண்டுவந்து கொடுத்தார். குட்டி குட்டியாய், சுருங்கிச் சுருங்கி, தகதகவென்ற சிவப்பு. கையுறை போட்டுக்கொண்டுதான் நறுக்க வேண்டும் என்று எச்சரித்தார். நான் பையை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் அக்கா ரொட்டியை மென்றுகொண்டே, ஏதோ பழம் என்று நினைத்து, ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டிருந்தாள்.

அவள் முகம் சிவந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. நான் பாலைத் தேடி ஓடினேன், சர்க்கரை டப்பாவைக் கீழே தள்ளினேன், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்கா பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தடுக்கிற மாதிரி கையைத் தூக்கினாள்.

"இருடி. இது தெரியுது."

அன்றைக்கு இன்னொரு மிளகாயைப் பொடியாக நறுக்கி சூப்பில் போட்டு, கண்ணீர் வழிய வழிய ஒரு கிண்ணம் முழுவதையும் குடித்து முடித்தாள். அத்தான் எதிரே உட்கார்ந்து, கிண்ணத்தின் அடி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எரிச்சல் என்பது ருசியில் சேராது, அது வேறு நரம்பு வழியாகப் போகிறது என்று எங்கள் பல் டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். எந்த வழியாகப் போனால் என்ன, அக்காவின் வயிற்றுக்குள் சாப்பாடு போனதே.

பை தீர்ந்தது. தோட்டக்காரரைத் தேடிப் போனால், வந்த பனியில் செடி கருகிவிட்டது என்று கையை விரித்தார். கடை மிளகாயை வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். இது புல்லு என்று தள்ளிவிட்டாள். மிளகாய்த்தூள் தொண்டையில் மாட்டி இருமலைத்தான் கொண்டுவந்தது. தட்டு மறுபடி பாதியில் நின்றது. நல்ல வேளையாக அத்தான் அந்தப் பையின் விதைகளைத் தூக்கி எறியவில்லை. எதையும் எறியாத மனுஷன், ரப்பர் துண்டுகளோடு விதைகளையும் காயவைத்து எடுத்து வைத்திருந்தார்.

விதை இருந்தது, வளர்க்கத்தான் இடமில்லை. வெளியே பனி. வீடோ தரைத்தளம், எதிரே வானத்தை மறைக்கிற கட்டடம், வெயில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் அத்தான் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் லிஃப்டைப் பார்க்கப் போன இடத்தில், மண்ணே இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில் தண்ணீரிலேயே கீரை வளர்ப்பதைக் கண்டிருந்தார். கீரை வளருமென்றால் மிளகாய் ஏன் வளராது என்று ஆரம்பித்துவிட்டார்.

அக்காவின் தையல் அறைதான் காலியாகக் கிடந்தது. பெயின்ட் வந்த வாளிகளைக் கழுவி, உள்ளே வெளிச்சம் போகாதபடி வெளிப்புறம் கறுப்புப் பூசினார். மூடியில் வட்டமாக வெட்டி, ஓட்டை ஓட்டையாய் இருக்கிற ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை அதில் பொருத்தினார். ஈர ஸ்பாஞ்சில் முளைத்த நாற்றுகளைக் கிண்ணத்தில் நட்டு, சுற்றிலும் சுட்ட களிமண் உருண்டைகளைப் போட்டார். வாளிக்குள் உரம் கரைத்த தண்ணீர். வேருக்கு மூச்சு முட்டாமலிருக்க மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று மோட்டார். மேலே நீள விளக்குகள். தண்ணீரின் புளிப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நிறம் மாறுகிற தாள் ஒரு கட்டு. அலமாரித் தட்டில் எல்லா வாளிகளும் வரிசையாக உட்கார்ந்தன. ஒரே ஒரு வாளிக்கு மட்டும் இடம் போதவில்லை. அதைத் தூக்கி, போர்வை மூடிய தையல் மேசையின் ஓரத்தில் வைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அக்காவின் மெஷின்மேலா வைப்பீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அக்காதான் தடுத்தாள். சும்மாதானே கிடக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அவள் அப்படிச் சொன்னது வாளியை வைத்ததைவிட எனக்கு வலித்தது.

பிறகு அத்தான் தன் வேலையைக் காட்டினார். காற்று மோட்டாரைப் பஞ்சுமேல் படுக்கவைத்தார். அலமாரிக் கால்களுக்கு ரப்பர் பாய். ஜன்னலில் குளிர் வராமல் பட்டை ஒட்டி அடைத்தார். இளம் செடிகள் ஆடக்கூடாது என்று சுவரிலிருந்த மின்விசிறியைக் கழற்றினார். அந்த அறைக்குள் நுழைந்தால் தண்ணீரில் குமிழி உடைகிற சத்தம்கூட ரகசியம் பேசுகிற மாதிரிதான் கேட்கும். என்னைக் கால் விரலை ஊன்றி நடக்கச் சொன்னார். செடியா இல்லை தொட்டில் குழந்தையா என்று கேட்டுவிட்டு, நானும் அப்படித்தான் நடந்தேன்.

செடிகள் வளர்ந்தன, ஏதோ போட்டி போடுகிற மாதிரி வளர்ந்தன. ஒவ்வொரு இலையும் என் உள்ளங்கையகலம். மூடியைத் தூக்கினால் வெள்ளை வெளேரென்று வேர். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். வேலைக்குப் போகுமுன் ஒரு பார்வை, வந்ததும் கைகூடக் கழுவாமல் ஒரு பார்வை. செடியைப் பார்த்த கையோடு அக்காவைப் பார்ப்பார். நானும்தான். படியிறங்கி வந்ததும் முதலில் அவள் கன்ன எலும்பைத்தான் பார்ப்பேன். அந்த நாட்களில் அவளை முகம் பார்த்து நலம் கேட்டவர்கள் யாருமில்லை. அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

பூக்கள் வந்தன. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், தலை கவிழ்ந்து. அத்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது எத்தனையோ நாள் கழித்து அன்றைக்குத்தான். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் பூக்கள் உதிர ஆரம்பித்தன. காம்பு மஞ்சளாகும், தொட்டால் கையோடு வந்துவிடும். மறுபடி பூக்கும், மறுபடி உதிரும். தரையெல்லாம் பூ. அக்கா தினமும் பெருக்கி அள்ளுவாள்.

அத்தான் தலைகீழாக நின்று பார்த்தார். உரத்தைக் குறைத்தார், கூட்டினார். தண்ணீரை மாற்றினார். விளக்கை ஏற்றிக் கட்டினார், இறக்கிக் கட்டினார். உரக்கடைக்காரர் ஒரு பொடியைத் தலையில் கட்டிவிட்டார், அதையும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பூதான் வேண்டுமென்றால் பூக்கடைக்கே போயிருக்கலாமே என்று ஒருநாள் நான் வாயைவிட்டேன். அவர் மூடியைத் திறந்து நிறத்தாளை நனைத்தார்.

டாக்டர் சொன்ன மாதம் போய், மேலும் இரண்டு மாதம் ஓடிவிட்டது. எத்தனை கூப்பிட்டும் அக்கா வரமாட்டேன் என்றாள். எதற்கு அங்கே போய்ச் செலவு, நான் இளைக்கவில்லை, வேண்டுமானால் பாருங்கள் என்று எழுந்து நின்று காட்டினாள். அவளுடைய நீல ஸ்கர்ட் இடுப்பில் கச்சிதமாக நின்றது. மேல்சட்டை தோளில் தொங்கவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தது, அது தூக்கமில்லாமல் என்று அவளே காரணமும் சொல்லிவிட்டாள். நாங்களும் நம்பினோம். சாப்பாடு இறங்காவிட்டாலும் உடம்பு எப்படியோ தாக்குப்பிடிக்கிறது என்று அத்தான் ஆறுதலாக மூச்சுவிட்டார். நானும் சேர்ந்து விட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் தையல் மேசைமேலிருந்த செடியில் ஒரு காய் தெரிந்தது. மிளகளவு பச்சை. பூ விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாளில் பக்கத்துக் கிளையில் இன்னொன்று. பிறகு வரிசையாகப் பிடிக்க ஆரம்பித்தது. அலமாரிச் செடிகளோ வழக்கம்போலப் பூவைக் கொட்டிக்கொண்டிருந்தன. அத்தானுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அதே விதை, அதே உரம், அதே விளக்கு. லிஃப்டில் கோளாறு தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். மேசைச் செடியின் தண்ணீரை அள்ளி மற்றவற்றுக்கு ஊற்றினார். விளக்கை இடம் மாற்றி மாட்டினார். இந்த ஒன்று மட்டும் எப்படிக் காய்க்கிறது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

ஒருநாள் முற்பகலில், நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சில் அத்தான் வந்து உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவரை அங்கே பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது திரும்பி வந்தது. மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவியை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். எடுக்கத் திரும்பி வந்தால், வாசலிலேயே சத்தம் கேட்டிருக்கிறது. தையல் மெஷின் ஓடுகிற சத்தம். கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். உள்ளே போனால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, சாவியை எடுக்காமலே என்னிடம் வந்துவிட்டார்.

"தைக்கிறா, பட்டாசு. நாம இல்லாத நேரத்துல உக்காந்து தைக்கிறா. அந்த மேசை ஆடுது. அதான் அந்தச் செடி மட்டும் காய்ச்சிருக்கு."

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர் விளக்கினார். மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள்தான். உள்ளே இருக்கிற தூள் உதிர்ந்து பக்கத்தில் விழுந்தால் காய் பிடிக்கும். வெளியே என்றால் காற்று ஆட்டும், தேனீ வந்து உலுக்கும். இவரோ காற்றை அடைத்து, விசிறியைக் கழற்றி, ரப்பர் மேல் ரப்பர் போட்டு, ஒரு தூள்கூட உதிராதபடி காவல் காத்திருக்கிறார். உலகத்தில் யாருக்காவது இப்படித் தோன்றுமா? அவருக்குத்தான் தோன்றும். நான் அவர்மேல் பாய்வதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து பேட்டரியில் ஓடுகிற பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, பூக்காம்பில் வைத்தால் நன்றாக உதறும் என்று கையில் கொடுத்தேன். அவர் அதை முடுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். செடியைவிட, அக்கா தைக்கிறாள் என்பதுதான் எங்களுக்குப் பெரிய சங்கதி. தைக்கிறவள் தேறிவிடுவாள் என்று இரண்டு பேரும் மனக்கோட்டை கட்டினோம்.

வேலை முடிந்து நேராகக் கீழ் வீட்டுக்குப் போனேன். அக்கா சமையலறையில் இருந்தாள். நான் தையலறைக்குள் போய்ப் போர்வையைத் தூக்கினேன். ஊசியில் நீல நூல் கோத்திருந்தது. நீலத்தில் யாரும் துணி கொடுத்திருப்பதாகத் தெரியவில்லை. அப்படியானால் யாருடையதைத் தைக்கிறாள்? சமையலறைக்குப் போய்ப் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்தேன். கட்டிப்பிடித்த கைகள் இரண்டும் சந்தித்து, ஒன்றையொன்று தாண்டிப் போயின. அவள் உதறிக்கொள்வதற்குள் நீல ஸ்கர்ட்டின் இடுப்பை வெளியே மடித்துப் பார்த்தேன்.

உள்ளே பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று இணையாக நீலத் தையல்கள் ஓடின. முதலில் பிடித்தது ஒன்று. அதற்கு உள்ளே தள்ளி இன்னொன்று. அதற்கும் உள்ளே, அன்று காலையில் போட்டது, நூல் இன்னும் பளபளப்பாக. பிடித்த துணி ஒரு கையகலத்துக்கு மடிந்து கிடந்தது. மேல்சட்டையிலும் அப்படியே. இளைக்க இளைக்க உடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு தையல்காரியின் உடம்பை அவள் உடுப்பை வைத்து அளந்த மடையர்கள் நாங்கள்.

நான் தாம்தூம் என்று குதித்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சத்தம் கேட்டு அத்தான் வந்தார், கையில் பல் பிரஷ்ஷோடு. மடித்துப் பிடித்திருந்த தையலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து அந்த முற்பகல் சிரிப்பு வடிந்து போனதைப் பார்த்தேன். அவ்வளவுதான், என் வாய் தானாக மூடிக்கொண்டது. ஒரு ஸ்டூலை இழுத்து அக்காவின் எதிரில் உட்கார்ந்தார்.

அக்கா ஸ்கர்ட்டின் மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு பேசினாள்.

"அம்மா மாதிரி குழாயோட கிடக்கமாட்டேன். அதுக்குத்தான் மறைச்சேன். இன்னொண்ணும் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் காலைல எந்திரிச்சதும் என்னைப் பாக்கிறீங்களே, அது என்னைப் பாக்கிறது இல்லைங்க. செடியில காய் பிடிச்சிருக்கான்னு பாக்கிற பார்வை. பிடிக்கலன்னா உங்க முகம் தொங்கிப்போகுது. அதை என்னால பாக்க முடியல."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தச் செடி ஏன் காய்த்தது என்று அவளிடம் சொன்னார். கோபமாக இல்லை, லிஃப்டில் என்ன கோளாறு என்று கட்டடக்காரரிடம் சொல்வது போல, ரப்பர் பாய், அடைத்த ஜன்னல், கழற்றிய விசிறி என்று ஒவ்வொன்றாக. மேசை ஆடியதால் காய்த்தது, நீ தைத்ததால் மேசை ஆடியது என்று முடித்தார்.

அக்கா எழுந்து தையலறைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். மேசைச் செடியில் தொங்கிய பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தன் இளைப்பை மறைக்கத் தைத்த தையலில் காய்த்தவை என்று அவளுக்குத் தெரிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவளோ அத்தானின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"பிரஷ் எதுக்கு? மெஷின் இருக்கில்ல. எல்லா வாளியையும் இங்க தூக்கி வைங்க."

மறுநாள் மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். முள் நின்ற இடம் நாங்கள் பயந்ததைவிட மோசம். டாக்டர் கடிந்துகொண்டார். குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது அக்கா தானே முந்திக்கொண்டு, ஒரு மாதம் கொடுங்கள், மறைக்காமல் ஒவ்வொரு வாரமும் வந்து எடை பார்க்கிறேன் என்றாள். அவர் அரைமனதாக ஒத்துக்கொண்டு, பாலில் கலக்கிக் குடிக்க ஒரு மாவு எழுதிக் கொடுத்தார். அதற்கு ருசியே இல்லையாம். எனக்கு எல்லாமே அப்படித்தானே என்று அக்கா அதைத் தினமும் மடக்மடக்கென்று விழுங்கினாள்.

வீடு தலைகீழானது. தையல் மேசையோடு இரண்டு பலகைகளை அத்தான் ஆணியடித்து இணைத்தார், ரப்பர் ஒன்றும் வைக்காமல். வாளிகள் அக்காவைச் சுற்றி அரைவட்டமாக நின்றன. ஜன்னல் பட்டையைப் பிய்த்தார், விசிறியை மாட்டினார். அக்கா தைக்க ஏதாவது வேண்டுமே? நான் என் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்தேன். அது தீர்ந்ததும் எங்கள் கிளினிக்கின் மேலங்கிகள். ஒருநாள் ஒன்றும் கிடைக்காமல், அத்தான் தன் நல்ல சட்டையின் பையைத் தானே கிழித்துக்கொண்டு வந்து, ஆணியில் மாட்டிவிட்டது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காது வரை சிவந்து நின்றார். அக்கா ஒன்றும் கேட்காமல் தைத்துக் கொடுத்தாள். அவள் மிதிக்க மிதிக்க இலைகளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நடுங்கும். அத்தான் வாசற்படியில் நின்று, அந்த நடுக்கத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பார்.

பூக்கள் உதிர்வது குறைந்தது. முதல் செடியின் காய்கள் பழுக்க ஆரம்பித்தன. முதல் பழத்தை அக்கா தன் கையால் கிள்ளி, நறுக்கி, சூப்பில் போட்டாள். நானும் வீரமாக ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன். அடுத்த கால் மணி நேரம் குழாயடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பல் டாக்டரிடம்கூட நான் அவ்வளவு அகலமாய் வாயைத் திறந்ததில்லை. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்தாள், கிண்ணத்தை நீட்டி இன்னும் கேட்டாள்.

அந்த ஒரு மாதம் சுலபமாகப் போகவில்லை. முதல் வாரம் முள் அசையவே இல்லை. அடுத்த வாரம் ஒரு மயிரிழை கீழே இறங்கியது. அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா வந்ததும் மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் முள் மேலே நகர்ந்தது, கண்ணுக்குத் தெரியும்படி. டாக்டர் குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. ருசியும் வாசனையும் இன்னும் திரும்பவில்லை, வருமா என்றும் தெரியாது. ஆனால் தட்டில் என்ன இருந்தாலும் அந்த மிளகாய் அதன்மேல் விழுந்துவிட்டால் வாய்க்குள் ஏதோ நடக்கிறது என்கிறாள், நடந்தால் போதும் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மதியம் சாப்பிட்டு முடித்தோம். அக்கா தட்டை வழித்துவிட்டு எழுந்தாள். எழுந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். என்ன செய்கிறது என்று பதறினேன். அத்தான் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி உறைந்துபோய் நின்றார்.

அக்கா தையலறைக்குள் போய், தையல் பிரிக்கிற முள்ளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நீல ஸ்கர்ட்டின் இடுப்பை வெளியே மடித்துக் காட்டினாள்.

"கடைசியாப் போட்டதை மட்டும் பிரிடி. இறுக்குது."

நான் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக அறுத்தேன். கண்ணீர் மறைத்ததால் கொஞ்சம் நேரமாயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது அத்தானின் கையிலிருந்த டம்ளர் ஆடிக்கொண்டிருந்தது, தண்ணீர் தரையெல்லாம் சிந்தியிருந்தது. அவர் அதைத் துடைக்கப் போகவில்லை.